மெழுகின் ஆயுள்

யுத்த காலத்தில் கார்களின் முன்விளக்குகளில் மேல்பாதிக்குக் கறுப்புச் சாயம் அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆகாயத்தில் பறந்து வருகிறவன் கண்ணில் வெளிச்சம் படக்கூடாதாம். அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்குச் சென்னையில் ஒரு வாரியம் ஏற்பட்டது. யுத்தம் முடிந்ததும், அடித்த சாயத்தைச் சுரண்டிவிட்டார்களா என்று பார்ப்பதற்காக அதே வாரியம் நீடித்தது. இரண்டே வருஷத்தில் சுரண்டுவதற்கும் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. வேறு மனிதர்களாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வாரியத்தின் பதினொரு அங்கத்தினர்களும் கூடி யோசித்தார்கள். சுரண்டியபோது அடியிலிருந்த வர்ணத்துக்குச் சேதம் உண்டாகியிருக்கலாம் என்றும், ஆகவே நாட்டிலுள்ள கார்களின் வர்ணத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அன்று முதல் அதற்கு வாகன மேற்பூச்சுப் பாதுகாப்பு வாரியம் என்று பெயர். அது எந்தக் காரின் வர்ணத்தையாவது காப்பாற்றியதாகத் தகவல் இல்லை.

சங்கரன்கோவிலில் பிளஷர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்துக்கு, இப்படி ஒரு வாரியம் இருப்பதே 1951-ஆம் வருஷம் ஆடி மாதம் வரைக்கும் தெரியாது. தெரியாமலே முப்பத்தாறு வயது வரை சௌக்கியமாக இருந்திருக்கிறான்.

அவனுடைய வண்டி பச்சை நிறம். பழைய வண்டிதான், ஒரு ஜமீன் நொடித்துப் போனபோது ஏலத்தில் எடுத்தது. ஆனாலும் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் சொல்வார்கள். மலேரியாக்காரர்கள் வீடு வீடாக மருந்தடித்துவிட்டுப் போனபோது, ஓட்டை என்று தூக்கி எறிந்த கைப்பம்பு ஒன்றைச் சுயம்புலிங்கம் எடுத்து வந்து ஈயம் வைத்து அடைத்திருந்தான். தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து அந்தப் பம்பில் ஊற்றிப் பனிபோல வண்டி மேல் அடிப்பான். பிறகு பழைய வேட்டித் துணியால் கை ஓயும்வரை தேய்ப்பான். சங்கரன்கோவிலில் ஆனியும் ஆடியும் அடிக்கிற மேல்காற்று, மண்ணை வாரி ஆளுடைய பல்லுக்குள்ளே போட்டுவிடும். அந்தக் காற்றிலேயும் பச்சை வண்டி பளபளவென்று நின்றது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வாரியத் தலைவர் ஆவுடைநாயகம் குடும்பத்தோடு வந்தார். அவருடைய சொந்தக் கார் சுயம்புலிங்கத்தின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டது. தம்முடையது வெளிறிப்போன கத்தரிக்காய் மாதிரியும் இது புதுக் கத்தரிக்காய் மாதிரியும் இருப்பதை அவர் பார்த்தார். விசாரித்தார். சுயம்புலிங்கம் பம்பைக் காட்டினான்.

"எத்தனை நாள் தாங்கும்?" என்றார் ஆவுடைநாயகம்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. இந்தக் காத்துல நாலு வாரம், அஞ்சு வாரம். மழைக் காலத்துல கொஞ்சம் முன்னப்பின்ன. நிழல்ல நின்னா ரெண்டு மாசங்கூட வரும். ஒரு செம்புத் தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். தண்ணி முத்து முத்தா உருண்டா மெழுகு இருக்கு. துணி விரிச்ச மாதிரி படந்துட்டுதுன்னா போயிட்டு. அம்புட்டுத்தான்."

இந்த விஷயத்தில் உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். ஆவுடைநாயகம் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"முன்னப்பின்ன என்ற வார்த்தை கோப்பில் ஏறாது, தெரியுமா உமக்கு?" என்றார்.

சுயம்புலிங்கத்துக்குத் தெரியவில்லை. கும்பிட்டான். அதோடு போயிற்று என்று நினைத்தான்.

ஆவணி மாதம் வாரியத்தின் காரியதரிசி ராஜதுரை, அரை டஜன் ரப்பர் முத்திரைகளோடு சங்கரன்கோவிலில் வந்து இறங்கினார். மெல்லிய ஆள், பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், கையிலிருக்கிற காகிதத்தைத்தான் பார்ப்பார். மெழுகு எத்தனை நாள் வர்ணத்தைக் காக்கிறது என்பதை வாரியம் விஞ்ஞான ரீதியில் ஆராயப் போவதாகவும், அதற்கு மாதிரி வாகனமாகப் பச்சை வண்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும் படித்துக் காட்டினார்.

"எத்தனை நாளைக்குங்கய்யா?" என்றான் சுயம்புலிங்கம்.

"மெழுகு தீருகிற வரைக்கும்."

"ஒரு மாசந்தானே. அதைத்தான் நான் அப்பமே பெரியவர்கிட்டச் சொன்னேன்."

"நீர் சொன்னது செய்தி. நாங்கள் கண்டுபிடிக்கப்போவது முடிவு."

ஒரு மாசத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், சர்க்கார் காரியம், பின்னால் எதற்காவது உதவும் என்று நினைத்துச் சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி இசக்கித்தாய் அடுப்பிலிருந்து நிமிராமலே கேட்டாள்: "தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரியுததுக்கு வண்டியை எதுக்குக் குடுக்கணும்?" 

சர்க்கார் அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவின் முற்றத்தில், மேலே கூரையோ மரமோ இல்லாத இடத்தில், வண்டி நிறுத்தப்பட்டது. சுற்றிலும் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டார்கள். காவலுக்குத் தங்கப்பழம் என்ற டவாலிச் சேவகன் ஒரு முக்காலியோடு நியமிக்கப்பட்டான். ராஜதுரை படிவம் நிரப்பினார். கூரை, கதவு நான்கு, முன்மூடி, பின்மூடி, மட்கார்டு என்று கட்டங்கள் இருந்தன. இன்ஜினுக்குக் கட்டம் இல்லை.

"சாவியை யார்கிட்டக் குடுக்கணும்?" என்றான் சுயம்புலிங்கம்.

ராஜதுரை படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சாவிக்கு இதில் இடம் இல்லை. நீரே வைத்துக்கொள்ளும்" என்றார்.

முதல் மாதம் சுயம்புலிங்கம் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றினான். முப்பதாம் நாள் தலைவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாளே சந்தோஷமாக ஓடினான். வண்டி மேல் ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. காக்கைகள் தம் பங்கைச் செய்திருந்தன. அங்கே முன்னதாகவே வந்திருந்த ராஜதுரை அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தலைவர் இதையா பார்ப்பது? கழுவி மெழுகு அடியும்."

"ஐயா, இன்னைக்குப் புது மெழுகு அடிச்சா, பழசு இருக்கா போச்சான்னு எப்படித் தெரியும்?"

"வே, பரிசோதனை வேறு, பார்வையிடுதல் வேறு. பரிசோதனையை நீர் சொல்லித்தர வேண்டாம். நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி மின்ன வேண்டும்."

சுயம்புலிங்கம் வீட்டிலிருந்து பம்பை எடுத்து வந்து அடித்தான். தேய்த்தான். மறுநாள் ஆவுடைநாயகம் மாலை போட்டுக்கொண்டு வந்து, வெள்ளிச் செம்பிலிருந்து தண்ணீரை முன்மூடி மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். முப்பதாம் நாள், முழுப் பாதுகாப்பு என்று குறித்துக்கொண்டு தலைவர் ரயில் ஏறினார். மெழுகு தீராததால் வண்டி அங்கேயே நின்றது.

அறுபதாம் நாளும் அப்படியே. சுயம்புலிங்கம் இந்தத் தடவை மெழுகு அடிக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்க மறுக்கும் உரிமையாளரின் வாகனத்தை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள விதி இருக்கிறது என்று ராஜதுரை காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். அடித்தான். மறுபடி முத்துகள், மறுபடி கைதட்டல்.

வீட்டில் இசக்கித்தாய் பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.   வாரத்துக்கு ஒரு நாள் அவன் பங்களாவுக்குப் போவான். அப்போது தங்கப்பழம் முக்காலியை மேற்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். சுயம்புலிங்கம் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பான்.

"சத்தம் ஏதாவது கேட்டுதா அண்ணாச்சி?" என்பான் போகும்போது.

"எனக்கு வர்ணத்தைப் பாக்கத்தான் உத்தரவு. சத்தத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்பான் தங்கப்பழம்.

தொண்ணூறாம் நாள் கார்த்திகையில் வந்தது. விடாத மழை. அந்தத் தடவை பதினொரு அங்கத்தினர்களும் ரயிலில் வந்து இறங்கினார்கள். வாரியத்தின் ஒரே காரைச் சென்னையில் வர்ணம் அடித்துக் காயப் போட்டிருந்தார்களாம். காலையில் மழை அதிகமாக இருந்ததால் பார்வையிடுவதை மாலை நான்கு மணிக்குத் தள்ளிவைத்து, பங்களா ஹாலில் கூட்டமும் அதன் பின் விருந்தும் என்று முடிவாயிற்று. முந்தின நாளே மெழுகு அடித்து முடித்திருந்த சுயம்புலிங்கம், வராந்தாவில் நின்று தலைவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நண்பர்களே," என்றார் ஆவுடைநாயகம், "உள்ளே இருப்பதைப் பார்க்க நாட்டில் எத்தனையோ இலாகாக்கள் இருக்கின்றன. வெளியே தெரிவதைப் பார்க்க நாம் மட்டுமே இருக்கிறோம். இன்ஜின் ஓடுகிறதா என்று கேட்கிறவன் சாதாரண மனிதன். அது என் வேலை அல்ல. பளபளக்கிறதா என்று நான் கேட்கிறேன். இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது மெழுகு ஐந்து வாரம் தாங்கும் என்று ஒரு பாமரன் சொன்னான். இன்று தொண்ணூறாம் நாள். அந்தப் பாமரன் சொன்னபடியே விட்டிருந்தால் நாமெல்லாம் ஐந்தே வாரத்தில் ஆராய்ச்சியை முடித்துவிட்டு என்ன செய்துகொண்டிருப்போம்? நினைத்துப் பாருங்கள்."

அங்கத்தினர்கள் நினைத்துப் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜவுளிக்கடை அப்துல் மஜீது மழையில் ஓடி வந்தார். கடையநல்லூர்க்காரர், சங்கரன்கோவிலில் கடை வைத்துப் பத்து வருஷம். மூட்டை ஏற்றிப் போகச் சுயம்புலிங்கத்தின் வண்டியைத்தான் கூப்பிடுவார். குடையில்லை. தலைத் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாப்ளே, ஜெய்னபுக்குக் காலையிலருந்து வலி. பிள்ளை குறுக்க கிடக்குன்னு மருத்துவச்சி சொல்லுதா. கையைக் கழுவிட்டா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாத்தான் உண்டுங்கா."

"பஸ்?"

"மூணு மணிக்குத்தான். மழையில அது வருமோ என்னமோ. இன்னொரு பிளஷர் ராஜபாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கு. எல்லாம் பாத்துட்டுத்தான் ஒங்கிட்ட வாரேன்."

ஜெய்னபைச் சின்னப் பிள்ளையிலிருந்தே சுயம்புலிங்கத்துக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அந்தப் பச்சை வண்டியில்தான் வைத்து ஓட்டிவந்தான். மஜீதைக் கூட்டிக்கொண்டு நேரே ஹாலுக்குள் போனான். ராஜதுரை வழிமறித்தார். சுயம்புலிங்கம் விஷயத்தைச் சொன்னான்.

"எழுதிக் கொடும்" என்றார் ராஜதுரை. "அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்."

"அடுத்த கூட்டம் எப்பங்கய்யா?"

"தை மாதம்."

மஜீது ராஜதுரையைத் தாண்டித் தலைவரைப் பார்த்துக் கை கூப்பினார். "எம் மகளுக்கு உயிர் போகுதுங்க. வண்டி சும்மாதானே நிக்கி. போயிட்டு வந்து அந்த இடத்துலயே விட்டுருதோம்."

ஆவுடைநாயகம் கெட்ட மனிதர் அல்ல. பிறர் துன்பத்தைக் கேட்டால் அவருக்குப் பேச்சு வந்துவிடும்.

"பெரியவரே, உம் நிலைமை எனக்குப் புரிகிறது. நானும் பெண்களைப் பெற்றவன். ஆனால் பிரசவம் இயற்கை, மெழுகு செயற்கை. இயற்கையை இயற்கையே பார்த்துக்கொள்ளும். செயற்கையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறு நாள் அசையாமல் நின்ற வண்டியை இன்று அசைத்தால், நாளைக்கு இந்த நாட்டில் எந்த ஆராய்ச்சிக்கு மரியாதை இருக்கும்? சமையலறையில் சொல்லி அவருக்கு ஒரு காப்பி கொடுக்கச் சொல்லுங்கள்."

விருந்துக்கு இலை போட்டாயிற்று என்று உள்ளிருந்து ஆள் வந்து சொன்னான். பதினொரு பேரும் எழுந்து போனார்கள்.

சுயம்புலிங்கம் வராந்தாவில் நின்றான். உள்ளே சாம்பார் ஊற்றுகிற ஓசை கேட்டது. அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன். வண்டியைத் திருடியதாக உள்ளே தள்ளினால் இசக்கித்தாய் சரம் கட்டியே சாக வேண்டியதுதான். ஆனால் தன் வண்டியைத் தானே எப்படித் திருட முடியும் என்று யோசிப்பதற்கு அது நேரமில்லை. முற்றத்தில் இறங்கி நடந்தான். சாவி மடியில் இருந்தது.

தங்கப்பழம் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முக்காலியில் இருந்தான். சுயம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். பின்னால் நனைந்துகொண்டு வருகிற மஜீதைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் எழுந்து முக்காலியை மேற்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். மழையில் மலை எங்கே தெரியப்போகிறது? அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

ஜெய்னபைப் பின் ஸீட்டில் படுக்கவைத்து அவள் தாயார் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டாள். தேவர்குளத்துக்கு அப்பால் ஓடையில் முழங்கால் தண்ணீர். மஜீது இறங்கி முன்னால் நடந்து ஆழம் பார்த்தார். வண்டி அவர் பின்னால் ஊர்ந்தது. முன்மூடி மேல் மழை முத்து முத்தாக உருண்டு ஓடியது. தன் மெழுகைப் பார்த்து எத்தனையோ நாள் பெருமைப்பட்டவன், அன்று அந்த முத்துகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"மாமா, வெரசாப் போங்க" என்றாள் ஜெய்னப்.  அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். மானூரில் ஒரு மாட்டுவண்டியை ஒதுக்கும்போது மட்கார்டு வேலிக் கல்லில் உரசியது. நிறுத்திப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மஜீதும் அவனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வேட்டியிலும் சேறு. ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வந்து, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், பெண் குழந்தை, இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மஜீது எழுந்து சுயம்புலிங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் நாலு மணிப் பார்வையிடுதல் ஞாபகம் வந்தது, மணி நாலரை ஆகியிருந்தது.

அங்கே சங்கரன்கோவிலில் நான்கு மணிக்கு மழை விட்டிருந்தது. பதினொரு அங்கத்தினர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுண்ணாம்பு வட்டம் பாதி கரைந்து கிடந்தது. நடுவில் வண்டி இல்லை. தங்கப்பழம் எழுந்து நின்று சலாம் வைத்தான்.

 ஐந்தே காலுக்கு ரயில். பார்வையிட்டதாகக் கையெழுத்தாகாமல் போனால் இத்தனை தூரம் எதற்கு வந்தோம் என்று மேலிடத்தில் கேட்பார்கள். காவலிலிருந்த வண்டி காணோம் என்று எழுதினாலோ, முதலில் வாரியத்தைக் கேட்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

ராஜதுரை படிவத்தைப் பார்த்தார். "வாகனம் இல்லை என்று குறிக்க இதில் கட்டம் இல்லை" என்றார்.

ஆவுடைநாயகம் செம்பை வாங்கினார். வட்டத்துக்குள் இரண்டடி எடுத்துவைத்து, முன்மூடி இருந்திருக்க வேண்டிய உயரத்தில் செம்பைச் சாய்த்தார். தண்ணீர் தரையில் விழுந்து தெறித்தது. ஒரு அங்கத்தினர் கை தட்டினார். பிறகு பத்துப் பேரும் தட்டினார்கள். கூரை, நன்று. கதவு நான்கு, நன்று. மட்கார்டு, நன்று. முழுப் பாதுகாப்பு. பதினொரு கையெழுத்தும் நான்கு நாற்பதுக்குள் ஆகிவிட்டன.

மறுநாள் காலையில் சேறும் சகதியுமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஜெயிலுக்குப் போகிறவன்போலச் சுயம்புலிங்கம் ராஜதுரை முன்னால் போய் நின்றான். முத்திரைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார் அவர்.

"ஐயா, நேத்து வண்டியை நாந்தான் எடுத்துட்டுப் போனேன். என்ன தண்டனையோ குடுங்க."

ராஜதுரை முதல் தடவையாகக் காகிதத்தை விட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"எந்த வண்டியை?"

"எம் பச்சை வண்டியைத்தான்."

"அது நேற்று நாலு மணிக்கு இங்கே நின்றது. பதினொரு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்."

"இல்லைங்கய்யா, அப்பம் நான் பாளையங்கோட்டையில இருந்தேன். வாசல்ல பாருங்க, சேறு இன்னும் காயல."

"வே," ராஜதுரையின் குரல் தணிந்தது, "நீர் வண்டியை எடுத்துக்கொண்டு போனது ஒரு குற்றமே இல்லை. எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லுகிறீரே, அதுதான் குற்றம். பதினொரு பெரிய மனிதர்களைப் பொய்யர் ஆக்கப் பார்க்கிறீர். இன்னொரு தடவை இப்படி வந்து நின்றால் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

சுயம்புலிங்கம் வெளியே வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் தங்கப்பழம் நின்றான்.

"என்ன சொல்லுதாரு?"

"வண்டி எங்கயும் போகலையாம், அண்ணாச்சி. இங்கனதான் நிக்காம்."

தங்கப்பழம் வண்டியைப் பார்த்தான், வட்டத்தைப் பார்த்தான். "நின்னாலும் நிக்கி, போனாலும் நிக்கி. அப்பம் நீ ஓட்டிட்டுப் போயேன்."

சுயம்புலிங்கம் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு இசக்கித்தாய் வெளியே வந்தாள். மடியிலிருந்த பூவெல்லாம் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"விட்டுட்டாங்களா?"

"இல்லை. வச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அன்று பிற்பகலே கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு சவாரி கிடைத்தது. அவன் வண்டி ஊரெல்லாம் ஓடியது. பங்களா முற்றத்தில் வட்டத்துக்கு மாதம் ஒரு தடவை புதுச் சுண்ணாம்பு போட்டார்கள். தங்கப்பழம் காவல் இருந்தான். முப்பது நாளைக்கு ஒரு முறை தலைவரோ அங்கத்தினரோ வந்து செம்பைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். உண்மையில் வேலை முன்னைவிடச் சுலபமாகிவிட்டது. கழுவ வேண்டியதில்லை, காக்கைத் தொல்லை இல்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று மெழுகின் ஆயுள் வளர்ந்துகொண்டே போயிற்று. வெளி மாகாணங்களிலிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

1953 ஆவணியில் இறுதி அறிக்கை. அன்றைக்கு ஆவுடைநாயகம் ரயிலிலிருந்து இறங்கியபோது, ஸ்டேஷன் வாசலில் நின்றது சுயம்புலிங்கத்தின் வண்டி ஒன்றுதான். ஏறிக்கொண்டார். இரண்டு வருஷ ஓட்டத்தில் பச்சை மங்கியிருந்தது. அன்று மானூரில் உரசிய மட்கார்டில் துரு. அந்தத் தொண்ணூறாம் நாளுக்குப் பிறகு சுயம்புலிங்கம் வண்டிக்கு மெழுகே அடிக்கவில்லை. பம்பைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டான்.

"இதற்கு மெழுகு அடிக்கக்கூடாதா வே?" என்றார் தலைவர். "எங்கள் மாதிரி வாகனத்தைப் பாரும். இரண்டு வருஷமாச்சு. முகம் பார்க்கலாம்."

சுயம்புலிங்கம் சாலையைப் பார்த்தபடி சொன்னான்: "ஐயா, நீங்க உக்காந்திருக்கது அந்த வண்டியிலதான்."

வண்டி தெற்கு ரத வீதியைக் கடந்தது.

"நீர் சொன்னது என் காதில் விழவில்லை" என்றார் ஆவுடைநாயகம் கடைசியில். "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது." கொஞ்சம் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். என் வீட்டுக் கார் வெளிறிப்போயிருக்கிறது. ஒரு தரம் அடித்துக் கொடுத்தீரானால், எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு வருஷம்னு வாரியம் சொல்லுதே."

"அது சர்க்கார் காருக்கு வே. நான் கேட்பது என் சொந்தக் காருக்கு."

சுயம்புலிங்கம் பங்களா வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டான். தலைவர் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, காலியான வட்டத்தின் முன்னால் போட்டிருந்த மேடையில் ஏறினார். நூற்று நாற்பது பக்க அறிக்கையை வாசித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தெளித்த மெழுகு இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் வர்ணத்தைக் காக்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்குள் மறுபடி மெழுகு அடிப்பது நாட்டின் மெழுகை விரயம் செய்வதாகும். இந்த வரலாற்றுச் சிறப்புள்ள வாகனம் சென்னையில் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கப்படும்.

கடைசி வரி சுயம்புலிங்கத்தின் காதிலும் விழுந்தது. வண்டியை ஊருக்கு வெளியே எங்காவது கொண்டுபோய் ஒளித்துவிடலாமா என்று யோசித்தான். மறுநாள் தங்கப்பழம் அவனைத் தேடி வந்து, பயப்படாதே என்று சொன்னான். அவன் வட்டத்துக்குள் மூங்கிலை வளைத்துக் கட்டி, வண்டி உருவத்துக்குத் தார்ப்பாயால் மூடியிருந்தான். அதைக் காரியதரிசி சுற்றி வந்து பார்த்தார். முத்திரை வைத்தார். மாலை போட்டு, மேளத்தோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் திறந்த வேகனில் ஏற்றினார்கள். நாலு பேர் தூக்குகிற சுமைக்குப் பதினாறு பேர் முக்கி முனகித் தூக்கினார்கள். சுயம்புலிங்கம் தன் வண்டிக்குள் உட்கார்ந்து, ரயில் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

இருபது நாள் கழித்துச் சென்னையிலிருந்து அவன் பேருக்கு ஒரு தபால் வந்தது. இசக்கித்தாயை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். மாதிரி வாகனம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வழியில் எவ்விதச் சேதமும் ஏற்படவில்லை. பளபளப்பு சற்றும் குறையாதது கண்டு வாரியம் மகிழ்கிறது. உரிமையாளர் என்ற முறையில் அவர், அலுவலக நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து தமது வண்டியைப் பார்த்துச் செல்லலாம், தொடக்கூடாது.